பல் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

எனக்கு எழுபத்தாறு வயது. ரேஷன் கார்டில் இரண்டு குறைவாக இருக்கும். அது எழுதியவர் எனக்குச் செய்த மரியாதை. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் ஓரகத்தியின் பிள்ளைகள். அவள் சீக்கிரமே போய்விட்டாள். ஆறு பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்து "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னதில்லை. அதைச் சொன்னவர் செஞ்சி பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர்தான். அவரையும் என் வழிக்குக் கொண்டு வந்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும், அதனால் கண்டக்டரையே கேட்டுவிடுவேன். இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி டைப் அடிக்கிறாள். நான் "இன்னா" என்றால் அவள் "என்ன" என்று போடுகிறாள். புத்தகத்தில் வந்தால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். சரி, ஆனால் மனிதர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

மூத்த மகன், மருமகள், இந்தப் பேத்தி, நான் எல்லாரும் ஒரே வீடு. பேத்தி சிவில் டிப்ளமோ முடித்தவள். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து தருவாள். கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று, கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே கலர் படமாகக் காட்டியும் விடுவாள். சென்னையில் ஓர் ஆபீஸில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். வேலை பிடித்தது, ஹாஸ்டல் பிடிக்கவில்லை. குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, போனில் அழலாம் என்று மொட்டை மாடிக்குப் போனால் அங்கேயும் வரிசை என்பாள்.

லீவில் வந்தவள் பஜாரில் இருக்கும் ஓர் இன்ஜினியரைப் போய்ப் பார்த்தாள். அவர் சொன்னது இதுதான்: "அவலூர்பேட்டைக்காரர் ஒருத்தர் வீடு கட்றாரும்மா. செவ்வாய்க்கிழமை காலையில ஆபீஸுக்கு வராரு. அதுக்குள்ள அவரு வீட்டைப் படமா குடுத்துட்டின்னா, இனிமே என் வேலையெல்லாம் ஒனக்குத்தான். வீட்லயே ஒக்காந்து செய்யி. ஆனா சொந்தமா நல்ல கம்ப்யூட்டர் வேணும். நெட் சென்டர்ல இருக்கறது பாதி செவுரு வரையறதுக்குள்ள படுத்துக்கும்."

படம் கொடுத்தால் செஞ்சி. கொடுக்காவிட்டால் புதன்கிழமை சென்னை பஸ். அவள் கொண்டுவந்த பையை முழுதாகப் பிரிக்கக்கூட இல்லை, கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் அதைத் தள்ளித் தள்ளி வைத்துப் பெருக்கினேன்.

என் இரண்டு கிடாவும் மகனின் உளுந்தும் விற்று வந்ததுதான் பட்ஜெட். அதற்கு மேல் கிடையாது. கிடா என்னுடையது என்பதால் எனக்கும் ஓர் ஓட்டு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது மகன் ஆரம்பித்தான். "லேப்டாப்பு வாங்கிடு பாப்பா. மடிச்சி எடுத்துகினு போலாம்."

"அந்தக் காசுக்கு வர்ற லேப்டாப்பு இந்த வேலைக்கு மூச்சு வாங்கும் நைனா. சாமானெல்லாம் தனித்தனியா வாங்கி நானே மாட்டினா, அதே காசுக்கு நல்லா ஒழைக்கிற மிஷினு வரும். பின்னால காசு வந்தா ஒண்ணொண்ணா மாத்திக்கலாம்."

அப்புறம் எனக்காகவே ஒவ்வொரு சாமானாகச் சொன்னாள். பிராசசர் என்பது மூளையாம். மதர்போர்டு என்பது பலகையாம். மற்ற எல்லாம் அதன் மேல்தான் உட்காருமாம்.

"அம்மா தலைமேலதான் எல்லாம் ஒக்காருமா? அது எங்க போனாலும் அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டே மருமகள் ரசத்தை ஊற்றினாள்.

"கிராபிக்ஸ் கார்டு மட்டும் இப்ப வாங்க முடியாது ஆயா" என்றாள் பேத்தி.

"இன்னொரு கார்டா? அதை எந்த ஆபீஸ்ல குடுக்கறாங்க?"

"தாலுகா ஆபீஸ்லதாம்மா. ஆதாரை லிங்க் பண்ணணும்" என்றான் மகன், சிரிக்காமல். அரை நிமிஷம் நம்பிவிட்டேன். அப்புறம்தான் பேத்தி சொன்னாள், அது படம் காட்டுவதற்கென்றே இருக்கும் தனிச் சாமான், விலை எட்டாது, அதனால் படம் காட்டும் வேலையையும் சேர்த்துச் செய்கிற மாதிரி பிராசசராகப் பார்த்து வாங்கப் போகிறாள் என்று. ஒரு மருமகளே சமையலும் பார்த்து மாட்டையும் பார்ப்பது போல. இதைச் சொன்னபோது ரசம் ஊற்றியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மகன், பேத்தி, நான் மூவரும் கடைக்குப் போனோம். மாடிக்கடை. படியேறி மூச்சு வாங்கி நிமிர்ந்தால், எதிரே அலமாரியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மூன்று விசிறி; நீலமாகவும் சிவப்பாகவும் பச்சையாகவும் வெளிச்சம் சுற்றுகிறது. தேர் வந்து நிற்பது போல இருந்தது. மகனும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அது இன்னாது?"

"கேபினெட்டு ஆயா. எல்லாச் சாமானையும் உள்ள வெச்சு மூடற பெட்டி" என்றார் கடைக்காரர். நாற்பது வயது இருக்கும். காதில் ஒரு பேனா.

"அதுலயே வெச்சுக் குடு."

எதிர்வீட்டுக்காரி கதவில் பூப்போட்ட பிரிட்ஜ் வாங்கி, வாசலில் போகிறவர்களுக்குத் தெரியும்படி நடுக்கூடத்தில் வைத்திருக்கிறாள். அதனால் சொல்லவில்லை, ஆனால் அது ஞாபகம் வரவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

பேத்தி ஓரத்தில் இருந்த கறுப்புத் தகரப் பெட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா, வீட்டுக்குக் கோட்டைக் குரங்கு வருதே, ஞாபகம் இருக்குதா? பச்சையும் செவப்புமா எதுனா சுத்தினா அது சும்மா வுடுமா?"

"ஜன்னலைச் சாத்திக்கலாம் பாப்பா" என்றான் மகன்.

"நைனா, இந்த ஊர்ல பாறைச் சூடு விடிஞ்சாலும் எறங்கறதில்ல. ஜன்னலைச் சாத்தினா மிஷினும் வேகும், நானும் வேகணும்."

கடைக்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். "உங்க பட்ஜெட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி போட்டா ரேம் ஒண்ணுதான் வரும். தகரப் பெட்டின்னா ஜோடியா போடலாம்."

ஜோடி என்ற சொல் வந்ததும் நான் வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுத்தேன். "ஜோடின்னா?"

"ரேம்ன்றது, மிஷினு வேலை செய்யறப்ப சாமானைப் பரப்பி வெச்சுக்கற எடம். ஒண்ணு இருந்தாலும் ஓடும். ஒரே மாதிரி ரெண்டு போட்டா ரெண்டும் சேந்து இழுக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மிஷினுக்கு அதுதான் தெம்பு."

சேர்ந்து இழுக்கும் என்றாரா, அதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "தகரப் பெட்டியே போடு தம்பி."

"அம்மா, நீதான இப்ப..." என்று மகன் இழுத்தான்.

"ஏரு ஓட்டறதுக்கு மாடு வாங்க வந்துட்டு, கொம்புக்கு அடிக்கிற பெயிண்டுக்கா காசைக் குடுப்ப? வாயை மூடிகினு இரு." அந்த நீல வெளிச்சத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

புது ஜோடி விலை கட்டவில்லை. வேறொரு மிஷினிலிருந்து கழற்றிய ஜோடி ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கித் திருப்பினேன். விரல் நீளம், பச்சை நிறம். ஓர் ஓரம் முழுக்கப் பொன்னாகப் பற்கள், வரிசை தப்பாமல். என் வீட்டுக்காரர் இருந்தபோது மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசுவார். அதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது என் வேலை. நான் சரி என்று தலையாட்டாமல் என் வீட்டுக்காரர் அந்தத் துண்டுக்கடியில் கையை விட்டதில்லை. இங்கே வாயைத் திறக்க வேண்டிய வேலைகூட இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன்.

"தம்பி, இதுக்குப் பல்லு தேஞ்சிருக்குது. ஜோடியில இது மூத்தது."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அது பல்லு இல்ல ஆயா. கழட்டி மாட்டினா கீறல் விழும். ரெண்டும் ஒண்ணா வந்தது, ஒரே மிஷின்ல ஓடினது. ஒங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, சித்த சும்மா இருங்க."

சொல்லிவிட்டார். மகன் தரையைப் பார்த்தான். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. "சரி தம்பி, வயசு ஆவலன்னா எதுக்கு வெலையைக் கொறைச்சுக் குடுக்கற?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேனாவைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார். ஒரு மவுஸைச் சும்மாவே சேர்த்துப் போட்டார்.

மற்றதெல்லாம் பேத்தி பார்த்துக்கொண்டாள். டிவி மாதிரி இருக்கும் மானிட்டர் பழையது போதும் என்றாள். கீபோர்டு இருப்பதிலேயே மலிவு. ஆனால் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையில் மட்டும் பிடிவாதம். கடைக்காரர் மலிவாக ஒன்றைக் காட்டியதற்கு, "சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடறப்ப எங்க வீட்டு பல்பு செவந்து போவுது அண்ணா. இது தாங்காது" என்று தள்ளிவிட்டு, கனமான வேறொன்றைக் காட்டச் சொன்னாள். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ் ஒன்றும் எடுத்தாள். பட்ஜெட் அதோடு சரி. பஸ்ஸுக்கு மட்டும் மிச்சம்.

"திங்கட்கிழமை வாங்க, மாட்டித் தரேன்" என்றார் கடைக்காரர். "நாளைக்குப் பனமலையில எங்க அக்கா பையனுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் மடியில வெச்சுக்கணும்."

திங்கட்கிழமை அவர் மாட்டிக் கொடுத்து, அதற்கு மேல் படம் வரைந்து, செவ்வாய் காலையில் கொடுப்பது நடக்காது. "குடுங்க அண்ணா, நானே மாட்டிக்கறேன்" என்றாள் பேத்தி. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். தகரப் பெட்டிக்கு நான் ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன்.

ஞாயிறு காலையில் சாமான்களையெல்லாம் கட்டிலில் துணி விரித்துப் பரப்பிவிட்டு அவள் குளிக்கப் போனாள். குளிக்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்று அனுப்பியதே நான்தான். வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் சும்மா உபயோகத்துக்கு எடுப்பதில்லை. தகரப் பெட்டிக்கு நெற்றியில் குங்குமம் வைத்தேன், மானிட்டருக்கு மூலையில் ஒன்று. ஜோடிக்கு என்ன செய்வது? மாடாக இருந்தால் கொம்பு இருக்கிறது, நெற்றி இருக்கிறது. இதில் மின்னுகிற பக்கம்தான் முகமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மஞ்சளைக் குழைத்து இரண்டுக்கும் மெல்லிசாக ஓர் இழுப்பு இழுத்தேன். பொன்மேல் மஞ்சள். வைத்த எனக்கே தெரியவில்லை. காற்றில் அழகாகக் காய்ந்துவிட்டது.

அவள் வந்து உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தாள். பிராசசரைத் தூங்குகிற குழந்தையை இறக்குவது போல இறக்கினாள். ஜோடியை இரண்டு பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். டக், டக் என்று உட்கார்ந்தது. ஒயரையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொருகினாள். சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பீப். பீப். பீப்.

திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். பீப், பீப். எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டினாள். அதே கத்தல். போனில் என்னென்னவோ படித்துப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை, கையில் ஸ்க்ரூ டிரைவர். மருமகள் வந்து பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த பையை இழுத்து, தூசியைத் தட்டி, சுவரோரமாக நிமிர்த்தி வைத்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் பேத்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழுதா அது நிறுத்துமா? கடைக்காரருக்குப் போன் போடு" என்றேன்.

போட்டாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பக்கம் மேளம் பிளந்துகொண்டிருந்தது.

"அண்ணா, கத்துது அண்ணா!"

"இங்கயும்தாம்மா கத்துது. இன்னும் குத்தவே இல்ல, அதுக்குள்ள ஏரிக்கரை வரைக்கும் கேக்குது."

"கொழந்தை இல்ல அண்ணா, மிஷினு! பீப் பீப்புன்னு கத்துது, படம் வர்ல!"

"இன்னா? கேக்கல... பல்லு வெளக்குனியா?"

பேத்தி விறைத்துக்கொண்டாள். "அண்ணா, நான் பல்லு வெளக்கி, குளிச்சி, சாமியே கும்புட்டாச்சு!"

"ஒனக்கு இல்லம்மா, ரேமுக்கு! நேத்து ஒங்க ஆயா பாத்துச்சே, அந்தப் பல்லு! அதுல அழுக்கு பட்டா இப்பிடித்தான் கத்தும். கரண்ட்டை நிறுத்திட்டு ரெண்டையும் கழட்டு. பென்சில் அழிக்கிற ரப்பரால நல்லா வெளக்கித் தொடைச்சிட்டு மாட்டு."

"நேத்து சுத்தமாத்தான இருந்துச்சு? அழுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் வெளியே குரங்கு ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன்.

அவள் தன் டிராயிங் டப்பாவிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். நான்கு தேய்ப்பில் ரப்பர் மஞ்சளாகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஆயா."

"இன்னா?"

"மஞ்சள் வாசனை வருது."

"வரும். மஞ்சள்ல வேற இன்னா வாசனை வரும்?"

"ஆயா! ரேமுக்கா மஞ்சள் வெச்ச?"

"மாட்டுக்கு வெப்பாங்க, வண்டிக்கு வெப்பாங்க, மோட்டாருக்கு வெப்பாங்க. எது ஒண்ணாவது கத்திச்சா? இதுக்குத்தான் ஒடம்பு ஒத்துக்கல. அதுக்கு நான் இன்னா பண்றது?"

போன் இன்னும் அணையவில்லை. பனமலையில் கடைக்காரர் சிரிக்கிற சிரிப்பில் மேளம் அடங்கிவிட்டது. "ஆயா, மஞ்சளா? மஞ்சளா வெச்சீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் அங்கே குழந்தை வீறிட்டது. குத்திவிட்டார்கள் போல.

ஜோடி திரும்ப உட்கார்ந்தது. டக், டக். சுவிட்ச். ஒரே ஒரு சின்னக் குரல், அவ்வளவுதான். திரையில் வெள்ளையாக எழுத்துகள் ஓடின. பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், திட்டிக்கொண்டேதான் கட்டிக்கொண்டாள். மருமகள் சிரித்த சிரிப்பில் பையைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமை முழுக்க அவள் அதன் முன்னால்தான் இருந்தாள். நானும் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவலூர்பேட்டைக்காரர் வீடு திரையில் எழும்பியது. சுவர் வந்தது, படி வந்தது, மாடி வந்தது. அவள் மவுஸை நகர்த்தினால் முழு வீடும் பம்பரம் போலத் திரும்பியது. ஓர் இடத்திலும் திணறவில்லை. "பாரு, இழுக்குது பாரு" என்றேன். சாயங்காலம் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்தியது. அந்தக் கத்தலுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அது தாங்கிய நேரத்துக்குள் அவள் வரைந்ததைப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவலூர்பேட்டைக்காரர் அதிலேயே மாடிப்படி ஏறிப் பார்த்தது போலச் சந்தோஷப்பட்டாராம். இன்ஜினியர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அன்றைக்கே இன்னும் இரண்டு வீடு கொடுத்தனுப்பினார். புதன்கிழமை சென்னை பஸ் எங்கள் தெரு முனையில் வழக்கம் போல ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பையைப் பிரித்துத் துணியை எடுத்து வைத்துவிட்டோம். இப்போது அதில் மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டி, பவர் சப்ளை வந்த அட்டைப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. ரிப்பேர் வந்தால் பெட்டியோடு கேட்பார்களாம்.

பேத்தி போன வாரம் கீபோர்டு மாற்றக் கடைக்குப் போயிருந்தாள். மிஷின் கத்துகிறது என்று யார் வந்தாலும் கடைக்காரர் இப்போது "மொதல்ல பல்லு வெளக்கிப் பாருங்க" என்கிறாராம். வந்தவர்களும் புரிந்துகொள்கிறார்களாம். அது யாருடைய சொல்? அது பல் இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர்தான்.

பேத்திக்கு இப்போது நேரமே இல்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில், அதே மிஷினில்தான் இதை அடிக்கிறாள். இப்போது நிறுத்திவிட்டு, "ஆயா, அந்த மஞ்சள் விஷயத்தை எடுத்துடட்டுமா? படிக்கிறவங்க சிரிப்பாங்க" என்கிறாள்.

"எதுக்கு எடுக்கணும்? அதை எடுத்துட்டா அப்புறம் பெட்டிக்குள்ள இன்னா இருக்குது? வெறும் தகரம். எங்க, மொதல்லேர்ந்து படி, கேக்கறேன். நீ ஒண்ணும் வுட்டுடல இல்ல? மெதுவா படி."